பல் பிடித்துப் பார்த்தல்: ராதாபுரம் வட்டாரத்தில் பழைய புரொஜெக்டர் வாங்குதல் பற்றி ஓர் ஒப்பிலக்கணம்

பாயிரம் இல்லாதது நூலே ஆகாது என்று நன்னூல் கறாராகச் சொல்லிவிட்டது. ஆகவே இந்தச் சிறு ஆய்வுக்கும் ஒரு பாயிரம். ஆக்கியோன் பெயர்: வேண்டியதில்லை, ராதாபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று "புரொஜெக்டர் வாங்கினவர் வீடு எது" என்று கேட்டால் கை காட்டுவார்கள். எல்லை: மேற்கே பணகுடிக் காற்றாலை, வடக்கே வள்ளியூர், கிழக்கே திசையன்விளைத் தேரி, தெற்கே இடிந்தகரைக் கடல். நுதலிய பொருள்: ஒரு வீட்டில் ஓடிக் களைத்த ஹோம் தியேட்டர் புரொஜெக்டரை இன்னொரு வீட்டுக்காரன் காசு கொடுத்துத் தூக்கிக்கொண்டு போவது. யாப்பு: தொகையும் அல்ல, விரியும் அல்ல, பட்டபாடு. கேட்போர்: ஹாலில் ஒரு சுவரைக் காலியாக வைத்துக்கொண்டு அதையே வெறித்துப் பார்ப்பவர்கள். பயன்: எழுதியவனுக்கு ஆறுதல்.

வழி என்றும் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆராய்ச்சி என்று இறங்குகிறவன் முதல்நூல் தேடி அலைய வேண்டியதில்லை. இடையன்குடி கூப்பிடு தூரம். 1841-ல் அங்கே வந்து குடியேறிய கால்டுவெல் ஐயர், தேரிச் செம்மணலும் பனைமரமும் சூழ உட்கார்ந்து, திராவிட மொழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, 1856-ல் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். பார்வைக்கு வேறு வேறாகத் தெரிகிற இரண்டை எடுத்துக்கொண்டு வேர் ஒன்றா என்று தோண்டுவதுதான் அவர் முறை. தமிழையும் துளுவையும் அவர் வைத்த இடத்தில் நான் மாட்டுச் சந்தையையும் பழைய புரொஜெக்டர் சந்தையையும் வைத்தேன். முடிவைக் கடைசிவரை ஒளித்து வைக்கிற வழக்கம் எனக்கில்லை. இரண்டும் ஒரே குடும்பம். சொற்கள் மாறியிருக்கின்றன, இலக்கணம் அப்படியே இருக்கிறது.

இந்த முடிவுக்கு என்னை இழுத்து வந்தவர் என் தாய்மாமா. நாற்பது வருடம் மாட்டுத் தரகு பார்த்தவர். மேலப்பாளையம் சந்தையில் அவர் மிதிக்காத சாணி கிடையாது. ஆய்வு மொழியில் அவர் என் தகவலாளி. அதை அவரிடம் சொன்னபோது, "யாருக்குடே தகவல், போலீஸுக்கா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் எதிரில் பயன்படுத்துவதில்லை.

முந்தைய ஆய்வுகள் என்று நாலு பக்கம் நிரப்புவது மரபு. எனக்கு ஒரே ஒரு முன்னோடி போதும். 1905-ல் திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் படவரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராகப் படம் காட்டி வந்த டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். டுபானுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது, அதனால் விற்றார். விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். அந்தக் காலத்து இரண்டாயிரம். வின்சென்ட் ரயில்வே வேலையை உதறிவிட்டு டெண்டுக் கொட்டகையோடு கிளம்பினார்; 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார்; தெருவுக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. தமிழ்நாட்டு சினிமாவின் கதையை எழுதுகிற எல்லோரும் இந்த ஸ்டேஷனில் நின்றுவிட்டுத்தான் போகிறார்கள். ஆனால் அங்கே நடந்தது ஒரு செகண்ட் ஹேண்ட் புரொஜெக்டர் வியாபாரம் என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. வின்சென்ட் எத்தனை நேரம் ஓட்டிப் பார்த்து வாங்கினார்? முதல் விலை என்ன, கடைசி விலை என்ன? கூடத் தரகர் யாரும் வந்தாரா? வரலாற்றாசிரியர்கள் வாயே திறக்கவில்லை. இந்தக் கட்டுரை அடைக்க வந்த ஓட்டை அதுதான்.

சொல்லாராய்ச்சி கொஞ்சம். புரொஜெக்டருக்குப் படவீழ்த்தி என்று தமிழாக்கம் உண்டு. ராதாபுரத்தில் அப்படிச் சொன்னால் "எங்க வுழுந்துச்சு?" என்று பதறுவார்கள். இந்த இயந்திரம் செய்கிற வேலைக்கு நம்மிடம் ஏற்கெனவே அருமையான வினை இருக்கிறது: படம் காட்டுதல். இல்லாததை இருப்பதாகக் காட்டுகிறவனைப் பார்த்து "ரொம்பப் படம் காட்டாதே" என்கிறோம். பழைய புரொஜெக்டர் விற்பனையில் படம் காட்டுவது இரண்டு பேர். இயந்திரம் சுவரில் காட்டுகிறது. விற்பவர் சோபாவில் உட்கார்ந்து காட்டுகிறார். இந்த ஆய்வு பெரும்பாலும் சோபாவைப் பற்றியது.

முதலில் விற்பனைக் காரணவியல். மாட்டுச் சந்தையில் யாரும் "உதைக்கும், அதான் கொண்டாந்தேன்" என்று சொன்னதாக மாமாவுக்கு நினைவில்லை. மகளுக்குக் கல்யாணம், பார்த்துக்கொள்ள ஆளில்லை, தீவனம் கட்டுப்படியாகவில்லை: இந்த மூன்றில்தான் நாற்பது வருடமும் ஓடியிருக்கிறது. புரொஜெக்டர் சந்தையிலும் காரணங்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். மாற்றலாகிப் போகிறோம், துபாய் போகிறேன், பெரிய டிவி வாங்கிவிட்டோம், பையன் பத்தாம் வகுப்பு. மாற்றல் என்பதை நான் நம்புகிறேன். டுபான் காலத்திலிருந்து மூட்டை கட்டுகிறவன்தான் உண்மையாக விற்கிறான், வீட்டுக்குள் அட்டைப்பெட்டிகள் கட்டிக் கிடக்கின்றனவா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். நம்பக்கூடாதது பத்தாம் வகுப்பு. அந்தக் காரணத்தைச் சொன்ன ஒரு வீட்டில் நாங்கள் இருந்த முக்கால் மணி நேரமும் அந்தப் பையன் போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தான். அப்பா காரணம் சொன்னபோது மட்டும் தலை நிமிர்ந்து எங்களைப் பரிதாபமாகப் பார்த்தான்.

அடுத்தது வயது. மாட்டுக்கு வயது சான்றிதழில் இல்லை, வாயில் இருக்கிறது. இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று தாடையைப் பிடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். "இதுக்குப் பல்லு எங்கன இருக்கு?" என்றுதான் மாமா முதல் புரொஜெக்டரைச் சுற்றி வந்தபோது கேட்டார். மெனுவுக்குள் போய் லேம்ப் ஹவர்ஸ் என்ற வரியைக் காட்டினேன். விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்ற கணக்கு அது.

அந்த விளக்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் கட்டுரைக்கு மதிப்பிருக்காது. லேசர், எல்இடி வருவதற்கு முன்னால் வந்தவை பெரும்பாலும் பாதரச விளக்கு. சுண்டுவிரல் நகம் அளவு படிகக் குமிழுக்குள், சுமார் 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில், ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நின்று எரிகிற சின்னஞ்சிறு மின்வில். மூவாயிரம் மணி நேரம், ஐயாயிரம் மணி நேரம் என்று ஆயுள் போட்டிருப்பார்கள். அதன் பொருள் அதுவரை புதுசு போல எரியும் என்பதல்ல. அந்த நேரம் வரும்போது வெளிச்சம் பாதியாகியிருக்கும் என்பது. புது விளக்கு போட்டதும் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டுமல்லவா, அதற்காக மெனுவிலேயே ஓர் ஏற்பாடு உண்டு. விளக்கை மாற்றாமலே அந்தப் பொத்தானை மட்டும் அழுத்தினால் கிழட்டு மாடு ஒரு நொடியில் கன்றாகிவிடும். நான் இதை விளக்கி முடிப்பதற்குள் மாமா, "பல்லுக்கு அரம் போட்டிருக்கான்னு சொல்லு" என்றார். வாய்ப்பாடு கிடைத்துவிட்டது.

எண்ணிக்கையை நம்பாமல் மறுபடி எண்ணிப் பார்ப்பது எங்கள் தொகுதிக்குப் புதிதல்ல. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 வாக்கு. மறு எண்ணிக்கை கேட்ட வழக்கு உயர் நீதிமன்றம் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படிப்பட்ட ஊர்க்காரனிடம் வந்து "வெறும் முந்நூறு மணி நேரம்தான் ஓடியிருக்கு" என்று சொன்னால் எப்படி? பல இயந்திரங்களில் விளக்குக் கணக்கு வேறு, இயந்திரம் மொத்தம் ஓடிய கணக்கு வேறு. முதலாவது அழியும், இரண்டாவது சுலபத்தில் அழியாது. அதுவும் இல்லையென்றால் ரிமோட்டைப் பாருங்கள். முந்நூறு மணி நேரம் ஓடிய வீட்டில் பாஸ் பொத்தானின் எழுத்து அழிந்து போயிருக்காது. பல்லைத் தேய்க்கலாம், குளம்பை என்ன செய்வான்?

இனிக் கள ஆய்வு. முதல் களம் திசையன்விளைப் பக்கம், ஒரு மைக்செட் கடை. அந்த எல்சிடி புரொஜெக்டர் ஐபிஎல் பார்த்திருக்கிறது, கோயில் கொடை பார்த்திருக்கிறது, சர்ச் அசன விருந்துக்கு வந்த கூட்டத்துக்கெல்லாம் படம் காட்டியிருக்கிறது. பொதுச்சேவையில் இருந்த எதையும் வாங்கக்கூடாது என்பது என் கட்சி. ஆனால் விலை இழுத்தது. பக்கவாட்டு மூடியைத் திறந்து காற்று வடிகட்டியை உருவினேன். செக்கச் செவேல் என்று வந்தது. பொடியாக அரைத்த தேரி.

"ஃபில்டர் கலரே அதுதான் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர்.

தட்டினேன். கடை வாசலே சிவந்தது. அவர் அசரவில்லை, ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார். நீல வானம், பச்சை வயல், வண்ணம் எல்லாம் துடியாகத்தான் இருந்தது. வலது மேல் மூலையில் மட்டும் மஞ்சளாக ஒரு படலம்.

"அது என்ன தம்பி?" என்றார் மாமா.

"மேகம், பெரியவரே."

மாமா ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். படத்தில் வானம் போய் வீடு வந்தது, வீடு போய் கோர்ட் வந்தது. கோர்ட்டுக்குள் வலது மேல் மூலையில் அதே மஞ்சள்.

"மேகம்னா நவுரணும்லா?"

எல்சிடி புரொஜெக்டரில் ஒளியை வடித்துவிடுகிற மெல்லிய தகடு சூட்டில் கருகினால் இப்படித்தான் நிறம் திரியும். காற்று போகிற வழியில் தேரி உட்கார்ந்தால் சூடு எங்கே போகும்? புத்தகத்தில் இதைக் கண்டுபிடிக்க முழு வெள்ளைத் திரையைப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. மாமாவின் முறைக்கு வெள்ளைத் திரைகூட வேண்டியதில்லை, பொறுமை போதும்.

இரண்டாவது வகைச் சந்தைச்சரக்கு ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகிறேன், அதிகம் நிற்கும் தகுதி அதற்கில்லை. உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் பெட்டி. அட்டையில் "15,000 லூமன்ஸ், 4கே சப்போர்ட்" என்று போட்டிருக்கும். லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. முறையாக அளப்பவர்கள் திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அளந்து, சராசரி போடுவார்கள். பதினைந்தாயிரம் என்பது சினிமா தியேட்டர் இயந்திரத்தின் கணக்கு. இந்தப் பெட்டிக்கு அது இருந்தால் ராதாபுரத்தில் ராத்திரி சேவல் கூவும். சப்போர்ட் என்பதும் அப்படித்தான். 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று பொருளே தவிர, வெளியே விடுவது என்னவோ அதன் சொந்தத் திராணிக்குத் தக்கபடிதான். கறவை மாட்டு வியாபாரத்தில் இதற்குச் சரியான இணை இருக்கிறது. விற்பவர் சொல்கிற பால் வேறு, கறக்கிற பால் வேறு. முதல்நாள் கறக்காமல் விட்டு மடி கனத்த மாட்டைக் காட்டுவார்கள்; இங்கே ஜன்னலில் போர்வை மாட்டி, அறையைக் கும்மிருட்டாக்கிக் காட்டுவார்கள். மருந்தும் ஒன்றுதான். மாட்டை நீங்கள் நின்று இரண்டு வேளை கறக்க வேண்டும். புரொஜெக்டருக்குப் போர்வையைக் கழற்ற வேண்டும்.

முக்கியக் களம் வள்ளியூர். காற்றாலைக் கம்பெனி ஒன்றில் பொறியாளர், ஈரோட்டுப் பக்கத்துத் தம்பி, குஜராத்துக்கு மாற்றல். ஹாலில் பதினோரு அட்டைப்பெட்டி, எண்ணிக்கொண்டேன். இயந்திரம் டிஎல்பி வகை, ஃபுல் எச்டி. விலை 28,000 என்றார்.

டிஎல்பி என்பது வேறு சாதி. 1987-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் கண்டுபிடித்த சில்லு அதற்கு உயிர். நகத்தளவு சில்லில் லட்சக்கணக்கில் குட்டிக் கண்ணாடிகள், ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும். ஃபுல் எச்டிக்கு 1,920 பெருக்கல் 1,080. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட தலைகள். அதில் ஒன்று ஆட்டத்தை நிறுத்திவிட்டால் இருட்டுக் காட்சியிலும் சுவரில் ஒரு வெள்ளைப் புள்ளி விடாமல் நிற்கும். அதனால் டிஎல்பிக்கு வெள்ளைத் திரையைவிடக் கறுப்புத் திரைதான் சரியான சோதனை. போடச் சொன்னேன். இரண்டு புள்ளி.

நான் தலையில் கை வைத்தேன். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாளில் அவருக்குப் பழக்கமான ஒன்று இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கிறது.

"சுழிடே. நெத்தியிலயா, வாலுலயா?"

"கீழே வலது ஓரம், மாமா."

"வாலுப் பக்கம். குடிக்குச் சேதமில்ல. ஆனா சுழின்னு சொல்லி வெலைய ஒடைக்கலாம்."

சுழி சாஸ்திரத்தில் இல்லாத ஒரு தகவலை இங்கே பதிவு செய்கிறேன். மாட்டுக்குச் சுழி பிறப்பில் வந்ததோடு சரி, பெருகாது. புரொஜெக்டருக்கு ஒன்று வந்தால் பின்னால் கூட்டம் வரும். சில வருடத்தில் திரை நட்சத்திர இரவாகும். ஒப்பிலக்கணம் பிசகுகிற இடம் இது ஒன்றுதான். கால்டுவெல்லுக்கும் ஒத்துவராத சொற்கள் சில இருந்திருக்கும்.

பிறகு மாமா, "நடக்கவிட்டுப் பாக்கணும்" என்றார். மாட்டை ஓட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. ஐந்து நிமிடம் எந்த நொண்டியும் நடக்கும். சூடேறிய பிறகுதான் விசிறி இரைவதும், படம் அணைவதும், நிறச்சக்கரம் கிரீச்சிடுவதும். ஆகவே இரண்டு மணி நேரம். தம்பி முதலில் டீ கொடுத்தார், அப்புறம் முறுக்கு, ஒன்பது மணிக்கு வேறு வழியில்லாமல் இட்லி வாங்கிவரக் கிளம்பினார். படம் ஓடிக்கொண்டிருந்தது. விசிறிச் சத்தத்தை அளப்பதற்கு நான் போனில் ஒரு செயலி இறக்கி வைத்திருந்தேன். பயன்படவில்லை. மாமா தூங்கிவிட்டார், அறையில் பதிவானது அவர் குறட்டைதான். தரவின் தூய்மை கெட்டது உண்மை. ஆனால் அந்த மனிதரைத் தூங்கவிட்ட இயந்திரம் சத்தம் போடவில்லை என்று நான் ஊகித்துக்கொண்டேன்.

விலை பேசும் படலம் வந்தது. மாமா எழுந்து முகம் கழுவி, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தம்பியின் வலது கையை மூடி, உள்ளே தன் கையை விட்டார். சந்தையில் சுற்றி நிற்பவனுக்கு விலை தெரியக்கூடாது. துண்டுக்கடியில் விரல்தான் பேசும். தம்பிக்கு உடம்பு நெளிந்தது.

"என்னங்க பண்றாரு?" என்றார் என்னிடம்.

"விலை சொல்கிறார்."

"எவ்வளவுங்க சொல்றாரு?"

"அது எனக்குத் தெரியக்கூடாது."

மாமா மூன்று விரலைப் பிடித்து ஒன்றை மடக்கினார் போல. தம்பி துண்டுக்குள் எட்டிப் பார்த்தார். பின்னால் கையை உருவிக்கொண்டு, "இருபத்திரண்டுக்குக் கொடுத்துடறேங்க, நாளைக்கு லாரி வருது" என்று சந்தைக்கே கேட்கும்படி சொல்லிவிட்டார். சுழிக்கு ஐந்நூறு குறைத்து 21,500-க்கு முடிந்தது. மாமாவுக்கு அந்த ஐந்நூறில் இல்லை வருத்தம். துண்டை மடித்துக்கொண்டே, "வாயால வெல சொல்லுதான், பாரு" என்றார்.

எடுக்கும்போது இன்னொன்று நடந்தது. தம்பி பெருந்தன்மையாகப் பத்து மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளையும் சேர்த்து வைத்தார். மாமா அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். மாட்டோடு கயிறு வரக்கூடாதாம். பழைய கயிறு விற்றவன் வீட்டோடு, வாங்குகிறவன் புதுக் கயிறு கொண்டுபோக வேண்டும். பவர் கார்டையும் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். அது மூக்கணாங்கயிறு, உடலைச் சேர்ந்தது என்று வாதாடிக் காப்பாற்றினேன். மறுநாள் கடையில் புதுக் கயிறு எழுநூறு ரூபாய். சுழியில் வந்தது கயிற்றில் போனது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தூரம் என்று ஒன்று இருப்பது உறைத்தது. நூறு அங்குலத் திரை என்றால் அகலம் ஏழேகால் அடி. என் இயந்திரத்துக்கு அதைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது ஏறக்குறைய பதினோரு அடி பின்னால் தள்ளி வைக்க வேண்டும். என் ஹால் பத்தடி. முதல் வாரம் புரொஜெக்டர் அடுக்களை வாசலில் ஸ்டூல் மேல் இருந்தது. தோசை வார்க்கும்போதெல்லாம் கதாநாயகன் ஊட்டியில் நடந்தான். "தாளிக்கணும், உங்க படத்த எடுங்க" என்று வீட்டில் சொன்னதற்குப் பிறகு முற்றத்துக்குப் போனோம்.

முற்றத்தில் இரண்டு பிரச்சினை. ஒன்று கரண்ட். எங்கள் தாலுகாவிலேயே கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலை இரண்டு ஓடுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை சுற்றுகிறது. இருந்தும் தெரு டிரான்ஸ்பார்மருக்கு மனம் வரவேண்டும். திடீரென்று கரண்ட் போனால் விளக்கோடு சேர்ந்து விசிறியும் நின்றுவிடும், உள்ளே இருக்கிற கொதிப்பு வெளியேற வழியில்லாமல் விளக்கின் ஆயுளைத் தின்னும். ஒரு யுபிஎஸ் வாங்கினேன், அதுவும் பழசுதான். அந்த ஆய்வைத் தனியாக எழுத வேண்டும். இன்னொன்று காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடியில் இறங்குகிற காற்று எங்கள் வீட்டில் எட்டு முழ வேட்டியைத் திரை என்று மதிக்கவில்லை. வில்லனுக்குக் கடைசிவரை தொப்பை. கதாநாயகி பாட்டு முழுக்க நிறைமாதம். நான்கு மூலையிலும் செங்கல் கட்டித் தொங்கவிட்டேன். ஐந்தாவது நாள் வேட்டி, செங்கல் எல்லாம் பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டின் மேல் கிடந்தன.

கோழிக்கூட்டுக்கு வந்த சேதத்தைப் பேச வந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி, முற்றத்திலேயே உட்கார்ந்து மீதிப் படத்தையும் வெள்ளையடித்த சுவரில் பார்த்தார். இடைவேளையில் எழுந்துபோய் இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பக்கம் கை வைத்துச் சூடு பார்த்தார்.

"நல்லாத்தாம் இருக்கு. எத்தன மணி நேரம் ஓடிருக்கு? இதக் குடுக்கிற யோசன எதும் உண்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா திண்ணையிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்ன செய்யச் சொல்லுதிய அண்ணாச்சி, பேரப்பய இந்த வருசம் பத்தாங்கிளாஸு" என்று சொல்லிக்கொண்டே தோள் துண்டை உதறி, அவர் கையைத் தேடிப் பிடித்தார்.

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான்.